வெல்வெட் குழியில் விரலி மஞ்சள்

நூர் அகமதுவுக்கு வாயைக் கட்டத் தெரியாது. குவைத்தில் டிரைவர் வேலை போனது அந்த வாயால்தான். ஊர் திரும்பியபின் காரைக்காலில் துப்பறியும் தெட்சிணாமூர்த்தியிடம் வேலை கிடைத்ததும் அதே வாயால்தான். "பக்கத்துல ஒருத்தன் தொணதொணன்னு பேசிக்கிட்டிருந்தா என்னை யாரும் கவனிக்க மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்ட அன்றே அவர் சொல்லிவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, இருபத்தஞ்சு வருஷம் பொய்ச் சாட்சி கேட்டுக் காது காய்த்துப்போன மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆறு வருஷமாக அவரை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நூர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கும் அதைத்தான் முயன்றான். ஊரே பிரெஞ்சு மரியாதையோடு 'முசே' என்றழைக்கும் பிலோமின்ராஜ் வீட்டுக் கூடம். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிற மனிதர் அவர். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நாலு மெடல்கள்.

"முசே சண்டைக்கெல்லாம் போய் வாங்கின மெடலை எங்க சஃபியா மவ பொறந்த அன்னிக்கே வாங்கிட்டா சார்" என்றான் நூர். "கழுத்துல பச்சைத் துணியில ஒரு முடிச்சு, வட்டமா. எந்தச் சண்டையில கெடச்சதுன்னு கேட்டா, என் தங்கச்சி மூஞ்சியத் திருப்பிக்குது."

தெட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பினார்.

மேஜைமேல் தேக்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பச்சை வெல்வெட்டில் அறுபத்தொரு வட்டக் குழிகள். அறுபது குழிகளில் அறுபது காசுகள். எழுநூறு வருஷத்துக்கு முன் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசர்கள் அடித்தவை. சைகோனில் ஒரு சீனன் கடையில் முதல் காசை வாங்கியதிலிருந்து முசேக்கு இந்தப் பைத்தியம். பின்னாளில் வளைகுடா போய்வரும் நம் ஊர்க்காரர்கள் அங்கே பழைய வெள்ளிக் கடைகளில் பொறுக்கி வந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு உண்டு.

நடுக்குழியில் மட்டும் காசு இல்லை. ஒரு விரலி மஞ்சள் இருந்தது.

"கண் ஆபரேஷனுக்குப் புதுச்சேரி போனேன். ஆறு வாரம் மக வீட்டுல இருந்தேன்" என்றார் முசே. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் தெரியவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. "செவ்வாக்கிழமை ராத்திரி வந்தேன். நேத்து காலைல தொறந்து பாத்தா இப்படி."

"பெட்டிச் சாவி?"

"சேசு படத்துக்குப் பின்னால இருக்கும். பூவாயிக்குத்தான் தெரியும்."

பூவாயி நெரவியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள். முசே ஊரில் இல்லாதபோது வீட்டுச் சாவியும் அவளிடம்தான். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் திருடல" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. அதன்பின் எத்தனை கேட்டும் பிடி கொடுக்கவில்லை.

"நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அதுக்குள்ள காசு கெடச்சா புகாரை வாபஸ் வாங்கிக்கலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். அவ ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு ஆசையா? எனக்குக் காசு வேணும், அவ்வளவுதான்."

"அந்தக் காசுல என்ன விசேஷம்?"

"அபாகா கான் காலத்து வெள்ளி. செங்கிஸ்கானுக்குக் கொள்ளுப்பேரன். ஒரு பக்கம் மங்கோலிய எழுத்து, ஒரு பக்கம் அரபு எழுத்து. மத்ததுல இருக்கிற மாதிரி இதுலயும் கடவுள் பேருதான். ஆனா இதுல என்னன்னா..."

"கொள்ளுப்பேரன் காசுக்கே இந்தப் பாடுன்னா, தாத்தா காசு கெடச்சா தூங்கவே மாட்டீங்க போலிருக்கே முசே" என்றான் நூர்.

முசே முகம் சுண்டிப் போனது. சொல்ல வந்ததை விட்டுவிட்டார். இந்தக் குறுக்குப் பேச்சுக்காக நூர் பின்னால் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறான். அப்போது அது அவனுக்குத் தெரியாது.

தெட்சிணாமூர்த்தி குழிக்குக் கீழே இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். "இந்தச் சீட்டு இல்லாம அந்தக் காசை நல்ல விலைக்கு விக்க முடியுமா?"

"எவன் நம்புவான்?"

"பக்கத்துக் குழிகள்ல ரெண்டு தங்கக் காசு அப்படியே இருக்கு. சீட்டும் இருக்கு. இந்த மஞ்சள் நீங்க வெச்சதா?"

"இல்ல. பூச்சி வரக் கூடாதுன்னு பூவாயி போட்டிருப்பா."

"அறுபத்தொரு குழியில ஒரே ஒரு குழிக்குத்தான் பூச்சி வருமா?" அவர் மஞ்சளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க எப்ப வரப்போறீங்கன்னு பூவாயிக்குத் தெரியுமா?"

"வர ஞாயித்துக்கிழமை வரேன்னு பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொன்னேன். டாக்டர் சீக்கிரமே விட்டுட்டார், வந்துட்டேன். நேத்து காலைல என்னைப் பாத்ததும், 'ஞாயித்துக்கெழமதானேய்யா வரேன்னீங்க'ன்னு மூணு தரம் கேட்டா. திருட்டு மனசு, வேற என்ன?"

"காசு எங்கேன்னு அவளைக் கேட்டீங்களா?"

முசே கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கோவத்துல நேரா ஸ்டேஷனுக்குத்தான் போனேன்."

"மத்தியானத்துக்கு மேல அவ வேற எங்க வேலை செய்யறா?"

இதற்கு நூர் முந்திக்கொண்டான். "நாலு வீடு சார். ஒரு வாத்தியார் வீடு, மருந்துக்கடைக்காரர் வீடு, மாதாகோயிலுக்குப் பின்னால ஒரு டெய்லர் வீடு. நாலாவது எங்க சஃபியா வீடு. அதை விடுங்க, அங்க நானே காவல்."

தெட்சிணாமூர்த்தி செருப்பை மாட்டினார்.

லாம்பிரெட்டா ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "எடுத்தது பூவாயிதான்."

நூர் பிரேக்கை மிதித்தான். "அதைத்தானே சார் போலீஸும் சொல்லுது? நமக்கு எதுக்கு ஃபீஸ்?"

"போலீஸ் திருட்டுங்குது. நான் இரவல்ங்கறேன். நூரு, எங்க வீடுகள்ல அரிசிப் பானையக் காலி பண்ணிக் குடுக்க வேண்டி வந்தா ஒரு பிடி விட்டுட்டுத்தான் குடுப்பாங்க. சாமிகிட்டருந்து ஒண்ணை எடுத்தா அந்த எடத்துல ஒரு மஞ்சளையாவது வெப்பாங்க. வெறுமையா விடக் கூடாது. திருடறவளுக்கு அந்தக் கவலை எதுக்கு? திரும்பக் கொண்டாந்து வெக்கப் போற கைதான் மஞ்சள் வெக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழமக் கணக்கு?"

"அதுக்குள்ள வெச்சுடலாம்னு நாள் எண்ணிக்கிட்டிருந்திருக்கா. ஐயா முந்திக்கிட்டார்."

"சரி, எழுநூறு வருஷக் காசை யாருக்கு இரவல் குடுக்க முடியும்? பஸ் கண்டக்டர்கூட வாங்க மாட்டான்."

"வீட்டுக்கு வர ஒவ்வொருத்தர்கிட்டயும் முசே பெருமையாச் சொல்லுவார், இதுல கடவுள் பேரு எழுதியிருக்குன்னு. இருபத்திரண்டு வருஷமா அவ கூட்டிக்கிட்டே அதைக் கேட்டிருக்கா. மனுஷனுக்குக் கடவுள் பேரு எப்ப வேணும்?"

நூர் யோசித்தான். "பரீட்சையில."

"உடம்பு முடியாதப்ப" என்றார் தெட்சிணாமூர்த்தி. "வண்டிய எடு."

மூன்று வீட்டிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி. போன ஒன்றரை மாசத்தில் இங்கே யாருக்காவது உடம்பு மோசமாகிப் பிழைத்ததா? வாத்தியார் வீட்டில் எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் பசுமாட்டுக்குத்தான் வயிற்றுப்போக்கு. டெய்லரின் மனைவி, "எங்க வீட்டுல யாருக்கு என்னன்னு நெனச்சு வந்தீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நூர்தான் பல்லைக் காட்டிச் சமாளித்தான்.

வெளியே வந்தபோது மணி இரண்டே முக்கால். தெட்சிணாமூர்த்தி வண்டியில் ஏறவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் நேரத்தில் டீ குடிக்கிற ஆள் இல்லை அவர்.

"சார், நாலு மணிக்கு ஒண்ணேகால் மணி நேரந்தான் இருக்கு."

"தெரியும். நூரு, மத்தியானம் ஒரு மெடல் ஜோக் சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அவர் கேட்டு வாங்கும் முதல் ஜோக். "அதான் சார், எங்க சஃபியா மவ. பொறந்து இன்னும் நாப்பது நாள் ஆவல. கழுத்துல பச்சைத் துணியில ஒரு முடிச்சு. வட்டமா, நாலணாக் காசு அளவுல..."

அங்கேயே நின்றுவிட்டான். கையிலிருந்த டீ தளும்பி விரலைச் சுட்டது, அதுகூட உறைக்கவில்லை.

"பிரசவம் எப்படி ஆச்சுன்னு சொன்னே?" என்றார் அவர் மெதுவாக.

"ரெண்டு நாள் வலி. நான் அப்ப நம்ம கேஸ் விஷயமா கும்பகோணத்துல இருந்தேன். மருத்துவச்சி மஹ்பூபா கையை விரிச்சுட்டாங்களாம். அப்புறம் எப்படியோ..." அவன் குரல் இறங்கியது. "உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

"சந்தேகம். மூணு வீட்டுல எதுலயாவது ஒரு சீக்காளி இருந்துடணும்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன். இல்ல. நான் அங்க உள்ள வர முடியாது. பிள்ளை பெத்த வீடு, ஆம்பளைங்க ஊர்ல இல்ல. நீதான் போகணும்."

நூருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஊர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சிரிக்கச் சிரிக்கப் பேசி உண்மையைக் கறந்தவன், சொந்தத் தங்கை வீட்டு வாசலில் கதவைத் தட்டக் கை வராமல் நின்றான்.

சஃபியாவின் மாமியார் உம்மு சல்மா கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"பூவாயி அக்காவை ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க மாமி. நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க."

"தெரியும்" என்றாள் அவள் தரையைப் பார்த்து. "இன்னும் மூணே நாள் தம்பி. ஞாயித்துக்கெழமையோட நாப்பது கழியுது. நானே போயி முசேகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நாப்பது கழியாம அவுக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க பாக்கல. சஃபியா கண்ணு சொருகிக் கெடந்தா. பூவாயிதான் ஓடிப் போயி எடுத்தாந்துச்சு. ஒரு ராத்திரிக்குன்னுதான் குடுத்துச்சு. நான் எழுத்துக் கூட்டிப் பாத்தேன், முதல்ல பிஸ்மின்னு இருந்துச்சு, குர்ஆன் ஓத ஆரம்பிக்கிற அதே வார்த்தை. தண்ணியில போட்டு ஓதிக் குடுத்தோம். விடியிறதுக்குள்ள தலை தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் நான்தான் திருப்பிக் குடுக்க விடல. நாப்பது நாளைக்கு வாயத் தொறக்காதன்னு பூவாயிகிட்ட சத்தியம் வாங்கினேன்."

அந்தக் கரையில் அரபு எழுத்தை ஓதத் தெரியாத முஸ்லிம் வீடு இல்லை. அர்த்தம் கேட்டால் பள்ளிவாசல் ஆலிம்சாவைத்தான் தேட வேண்டும். நூரும் அப்படித்தான். அந்தக் காசில் இருந்தது என்ன என்று உம்மு சல்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

தாயத்து, முடிச்சு என்று கேட்டால் கேலி பண்ணுகிறவன் நூர். ஆனால் இப்போது உள்ளே போய் அந்த முடிச்சை அவிழ்க்கக் கால் எழவில்லை. இந்த மூன்று நாளில் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? அந்தப் பயம் தனக்குள் இருந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அறைக்குள்ளிருந்து சஃபியாவின் குரல் வந்தது. "மாமி, பூவாயி அக்காவுக்குக் காச்சல்னுதானே சொன்னீங்க?"

உம்மு சல்மா திரைப் பக்கம் திரும்பினாள்.

திரையை விலக்கிக்கொண்டு சஃபியா வந்தாள். தோளில் குழந்தை. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. மாமியார் கை நீட்டித் தடுக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு அந்தத் தண்ணியப் பூவாயி அக்கா கையாலதான் குடிச்சேன் நானா" என்று காசை அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள் சஃபியா. "சீக்கிரம் போங்க."

ஸ்டேஷனில் மணி மூன்றே முக்கால். முசே முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். காசை வாங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நீட்டிய காகிதத்தில் புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பூவாயியைக் கூட்டிவர ஏட்டு உள்ளே போனார்.

"மத்தியானம் சொல்ல வந்தீங்களே முசே" என்றான் நூர். "அந்தக் காசுல என்னன்னா?"

"இது ஜார்ஜியா நாட்டுக் கிறிஸ்தவங்களுக்காக மங்கோலியர் அடிச்ச காசு. எழுத்து அரபுதான். இந்தா, இந்த மூலையில பூ மாதிரி தேஞ்சு கெடக்கே, அது சிலுவை." விரலால் வரிகளைத் தடவினார். "முதல் வார்த்தை பிஸ்மி, அதாவது பெயரால். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால். கடைசி வரி, ஒரே கடவுள்."

நூர் குனிந்து அந்தத் தேய்ந்த மூலையைப் பார்த்தான். பச்சைத் துணியும், ஓதிய தண்ணீரும், எழுத்துக் கூட்டிய உம்மு சல்மாவும் கண்முன் வந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு வருஷத்துக்குக் கேலி பேசலாம். ஆனால் அவனுக்குக் கேலியே தோன்றவில்லை. இதை அந்த வீட்டில் போய்ச் சொன்னால் மாமியாரும் மருமகளும் இனி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் யோசனை ஓடியது.

பூவாயி வந்தாள். அம்பது வயது, ஒல்லியான உருவம். ஒரு ராத்திரியில் இன்னும் வற்றியிருந்தாள். முசேயைப் பார்க்கவில்லை. நூரின் கையைப் பார்த்தாள், அப்புறம் மேஜைமேல் இருந்த காசை.

"யாரு தம்பி அவுத்தது? மூணு நாளு இருக்கே. புள்ள நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா அக்கா. சஃபியாதான் அவுத்துக் குடுத்துச்சு."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் முசே. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆபரேஷன் செய்த கண்தானா என்று தெரியவில்லை.

"நீங்க என்னைக் கேக்கலியேய்யா. போலீஸைத்தான் கூப்புட்டீங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்தாள். காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நாளையிலேருந்து வேற ஆளு பாத்துக்குங்க."

தெட்சிணாமூர்த்தி சட்டைப் பையிலிருந்து விரலி மஞ்சளை எடுத்துச் சாவியின் பக்கத்தில் வைத்தார். முசே அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காசை எடுத்து நூரிடம் நீட்டினார்.

"இதை அந்தப் பிள்ளை கழுத்துலயே கட்டுங்க. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. நான் ஞாயித்துக்கிழமைதானே வரேன்னு சொல்லியிருந்தேன்."

பூவாயிக்கு அது கேட்டது. வாசலில் ஒரு நொடி நின்றாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

நூர் கொண்டுவந்து கொடுத்த காசை வைத்து, வீட்டுக் கூடத்தில் சஃபியா மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். உம்மு சல்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

"முசே அவ்வளவு படிச்சவராச்சே, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொன்னாரா நானா?"

வாயைக் கட்டத் தெரியாத நூர் அகமது தங்கையைப் பார்த்தான், குழந்தையின் கழுத்தைப் பார்த்தான்.

"ஒரே கடவுள்னு எழுதியிருக்காம்" என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெளியே தெட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். "கேட்டாளா? என்ன சொன்னே?"

"கடைசி வரியச் சொன்னேன் சார்."

தெட்சிணாமூர்த்தி சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். ஆறு வருஷமாக இதற்காகத்தான் நூர் பாடுபட்டான். அவன் அதைப் பார்க்கவில்லை. பூவாயி நாளைக்கு இந்த வீட்டு வாசலுக்காவது வருவாளா என்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.